உபாலியின் தீவும் ஜின்னாவின் உழைப்பும்

‘சிறுவர் படம்’, ‘குடும்பப் படம்’ என்ற சொற்களைக் கேட்ட மாத்திரத்திலே இலேசாகச் சிரித்துவிட்டு அப்பாற் செல்லும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. விடுமுறைக் காலத்தில் பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் படமாளிகைக்குப் போய், இருட்டிலே தம்மையும் மறந்து சிரித்துவிட்டு, வெளிச்சத்துக்கு வந்ததும் ‘ஏதோ பிள்ளைகளுக்காகப் போனோம்’ என்று சமாதானம் கூறிக்கொள்ளும் ஆசிரிய நண்பர்கள் நம்மிடையே பலர். ரசித்ததை ஒப்புக்கொள்வதற்கு அவர்கள் ஏன் கூச வேண்டும்? சமூகப் பொறுப்புள்ள மனிதன் முகத்தைச் சுளித்துக்கொண்டே கலையை அணுக வேண்டுமென்று எந்த ஆசான் சொல்லிவைத்தார்? பேர்டோல்ட் பிரெக்ட் 1949இல் வெளியிட்ட நாடகக் கொள்கை நூலிலே, மக்களை மகிழ்விப்பதே அரங்கின் தொழில் என்று கூறித்தான் தமது வாதத்தைத் தொடங்குகிறார். தமது முந்திய கடுமையைக் கைவிட்டுவிட்டு அவர் அவ்வாறு எழுதவில்லை. ஒவ்வொரு காலத்தின் மக்களுக்கும் உரிய மகிழ்ச்சி எது, விஞ்ஞான யுகத்தின் மனிதன் எதனைக் கண்டு மகிழத் தகும் என்ற வினாவை எழுப்புவதற்காகவே அவ்வாறு எழுதினார்.

அந்த வினாவை நமது நாட்டுப் படமொன்றை வைத்து ஆராய முனைகிறேன். மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய ‘மடோல் தூவ’ என்னும் சிறுவர் நாவலைத் தழுவி, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1976இல் நெறியாள்கை செய்த படம் அது. சிங்களத்தில் இன்றும் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்படும் நூல். தமிழ் உட்படப் பல மொழிகளிலே பெயர்க்கப்பட்டது. ஆயினும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ் மாணவரிடம் கேட்டால், ரொபின்சன் குரூசோவை அறிவோம், டொம் சோயரை அறிவோம் என்பர். தம் வீட்டு வாசலிலிருந்து காலி வீதி வழியே பேருந்தில் சென்று ஒரே பகலில் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு தீவின் கதையை அறியார். இதனை மாணவரின் குற்றமாகக் கொள்ளல் தகாது.

கதை சிக்கலற்றது. கினிவெல்ல உபாலி என்ற சிறுவன் ஏழு வயதில் தாயை இழக்கிறான். சிற்றன்னையின் பராமரிப்பில் வளர்கிறான். வீட்டிலே வேலைக்கு நிற்கும் ஜின்னா என்ற பையனே அவனுடைய இணைபிரியாத் தோழன். இருவரும் செய்யாத குறும்பில்லை. கண்டிப்பும் தண்டனையும் அதிகரிக்கவே இருவருமாக வீட்டைவிட்டு ஓடுகின்றனர். பொடிகமராலை என்ற விவசாயியிடம் வேலைக்குச் சேர்கின்றனர். அருகே வாவியின் நடுவிலே கண்டல் மரங்கள் அடர்ந்த ஒரு தீவு. பேய் உலாவும் இடம் என்று ஊரார் அஞ்சி ஒதுக்கிய இடம். அங்கே சென்று காடு வெட்டி, குடிசை போட்டு, பயிரிட்டு வாழத் துணிகின்றனர். இரவிலே தோன்றும் மர்ம வெளிச்சமும், மறைந்து வாழும் மனிதனும், சட்டத்தின் கண்ணில் அந்த நிலம் யாருடையது என்ற வழக்கும் பின்னர் வருகின்றன. கதை நிகழுங் காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு.

இந்நூலை எழுதிய மனிதரின் வரலாறு கதையோடு நெருங்கிய தொடர்புடையது. 1890ஆம் ஆண்டு கொக்கலையை அடுத்த மலல்கமவிலே பிறந்தவர் விக்கிரமசிங்க. பதினாறாம் வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றுபோக, கொழும்பிலே ஒரு கடையில் கணக்கெழுதும் வேலைக்கு வந்து சேர்ந்தவர். பின்னர் தம் சொந்த முயற்சியாற் கற்று, லேக் ஹவுஸ் பத்திரிகைகளின் ஆசிரியபீடத்தில் உயர்ந்து, 1946இல் அப்பணியிலிருந்து விலகி முழுநேர எழுத்தாளரானார். அதற்கடுத்த ஆண்டே ‘மடோல் தூவ’ வந்தது. 1944இல் வெளிவந்த ‘கம்பெரலிய’ (தமிழில் இது ‘கிராமப் பிறழ்வு’) பழைய நிலவுடைமைக் குடும்பத்தின் சிதைவைச் சொன்னது. 1949இல் வந்த ‘யுகாந்தய’ நகரத்து முதலாளியையும் தொழிலாளர் இயக்கத்தையும் எடுத்துக்கொண்டது. இவ்விரு பெரும் நாவல்களுக்கு இடையே, மூச்சு வாங்குவதற்காக எழுதிய பிள்ளைக் கதையாகவே பலர் ‘மடோல் தூவ’வைக் கருதுகின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

காரணம் கொக்கலைக்கு நிகழ்ந்த கதி. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942இல், பிரித்தானிய விமானப்படை கொக்கலை வாவியைக் கடல் விமானத் தளமாக்கிக்கொண்டது. அவ்வாண்டு ஏப்ரல் 4ஆந் திகதி இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டறிந்த கட்டலினா விமானம் அந்த வாவியிலிருந்து எழுந்ததே. யுத்த வரலாறுகள் அந்த விமானியின் தீரத்தைப் பாராட்டுகின்றன, பாராட்டத் தக்கதுதான். ஆனால் அந்தத் தளத்துக்காகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட கிராம மக்களின் கதையை அவ்வரலாறுகள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. வீடுகள் இடிக்கப்பட்டன, தோட்டங்கள் அழிந்தன. விக்கிரமசிங்கவின் பிறந்த வீடு மாத்திரம், படை அதிகாரிகள் தங்குவதற்குப் பயன்பட்டமையால், தப்பியது. தன் ஊரே துடைத்தழிக்கப்பட்டு ஐந்தாண்டுகளின் பின்னர், ஒரு மனிதன் அதே வாவியின் நடுவிலே யாருமற்ற தீவொன்றைத் தெரிந்து, இரண்டு சிறுவரை அங்கே அனுப்பி, அவர்களைக் கொண்டு காடு வெட்டி, கிணறும் குடிசையும் பயிருமாக ஒரு குடியிருப்பைத் திரும்ப எழுப்புகிறான் என்றால் அதனைப் பிள்ளை விளையாட்டென்று எப்படித் தள்ளிவிட முடியும்? நூலிலே யுத்தம் பற்றி ஒரு சொல் இராமலிருக்கலாம். எழுதிய கையின் ஏக்கம் அதற்குள் இருக்கிறது. 1991இலே கொக்கலையில் ஏற்றுமதிப் பதனிடல் வலயம் தொடங்கப்பட்டது. இன்று அவ்வழியே போகிறவன் காணும் முதற் காட்சி, முறைமாற்று வேலைக்கு விரையும் தையற் தொழிலாளப் பெண்கள். உல்லாசப் பயணிகளோ படகிலே சென்று ‘கதையில் வரும் தீவை’ப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு திரும்புகின்றனர்.

இனிப் படத்துக்கு வருவோம். லெஸ்டர் 1956இல் ‘ரேகாவ’வை எடுத்தபோதே, தென்னிந்திய ஸ்டூடியோக்களின் அட்டைச் சுவர்களை விட்டு வெளியே வந்து, உண்மையான கிராமத்து வெயிலிலே கமராவை வைத்தவர். அந்தப் படத்தின் மையமும் ஒரு சிறுவன் என்பதை மறக்கலாகாது. ‘கம்பெரலிய’வை 1963இல் படமாக்கி, 1965இல் புதுடில்லித் திரைப்பட விழாவிலே தங்க மயில் விருதைப் பெற்று, விக்கிரமசிங்கவின் உலகோடு தமக்குள்ள உறவை நிலைநாட்டிக்கொண்டார். ஆகவே ‘மடோல் தூவ’ அவர் கைக்கு வந்தது இயல்பே. அஜித் ஜினதாச உபாலியாகவும், பத்மசேன அத்துக்கோரள ஜின்னாவாகவும் நடித்தனர்; ஜோ அபேவிக்ரம போன்ற தேர்ந்த நடிகரும் உடனிருந்தார். விக்கிரமசிங்க அதே 1976ஆம் ஆண்டு யூலையிலே காலமானார்.

படத்தை ரசிக்க முடிகிறதா? முடிகிறது, தாராளமாக ரசிக்க முடிகிறது. அந்த ரசனைக்குக் காரணம் பேயும் மர்மமும் மாத்திரம் என்று நினைத்தால் தவறு. சேறும் நீரும், தோணியின் ஆட்டமும், பசியும், வெட்டிய மரம் சரிவதும், மண்ணிலிருந்து முளை தலைகாட்டுவதுமான காட்சிகளிலேதான் பிள்ளைகளின் கண் பெரிதும் நிலைக்கிறது. உழைப்பைப் பார்ப்பதில் இன்பமுண்டு. பெரியவர்களாகிய நாம் அதனை மறந்துவிட்டோம். உழைப்பென்றால் சம்பளம், களைப்பு, மேலதிகாரி என்றே நமது மனம் ஓடுகிறது. யாருக்காகவும் அன்றித் தமக்காகவே உழைக்கும் இருவரைக் காணும்போது சிறுவர் மனத்திலே எழும் உற்சாகம், ஆழ்ந்து நோக்கின், மனித குலத்தின் மிகப் பழைய ஆசையாகும். அந்த ஆசையைக் கனவென்று ஒதுக்கும் விமர்சகன், தான் எதற்காகச் சமூக மாற்றத்தை விரும்புகிறான் என்பதை ஒருகணம் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.

‘குடும்பப் படம்’ என்று நாம் பெரும்பாலும் எதனைக் கொண்டாடி வந்தோம் என்பதையும் ஒப்புநோக்க வேண்டும். 1965இல் ஏவிஎம் நிறுவனம் தயாரித்து, கிருஷ்ணன் – பஞ்சு நெறியாள்கையில் வந்த ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தை எடுத்துக்கொள்வோம். குட்டி பத்மினியின் இரட்டை வேடம் தமிழ்க் குடும்பங்களின் நெஞ்சை அள்ளியது. அது வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் 1961ஆம் ஆண்டுப் படமொன்றைத் தழுவியது. அந்த அமெரிக்கப் படமோ எரிக் கெஸ்ட்னர் என்ற ஜெர்மானிய எழுத்தாளரின் 1949ஆம் ஆண்டுச் சிறுவர் நாவலிலிருந்து வந்தது. ஆகவே நம்மில் எத்தனையோ பேர், தாம் அறியாமலேயே, ஒரு சிறுவர் நாவலின் படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள். கெஸ்ட்னர் சாதாரண மனிதரல்லர். 1933 மே மாதம் பெர்லினிலே நாஜிகள் நூல்களை எரித்தபோது, தமது நூல்களும் தீயிலிடப்படுவதைக் கூட்டத்தினிடையே நின்று நேரிற் கண்டவர். பிரிந்துபோன பெற்றோரின் இரட்டைப் பெண்பிள்ளைகள் ஒருவரையொருவர் சந்தித்து இடம் மாறிக்கொள்ளும் அக்கதையிலே, மணமுறிவைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசலாமா என்று கேட்போருக்கு அவர் இடையிலே நிறுத்தி மறுமொழி கூறுகிறார். பெற்றோர் பிரிந்தமையால் துன்புறும் பிள்ளைகள் பலர். பெற்றோர் பிரியாமல் இருப்பதனாலேயே துன்புறும் பிள்ளைகளும் பலர். இந்தத் துன்பத்தை அவர்கள் மேல் சுமத்திவிட்டு, அதைப்பற்றி அவர்களோடு அறிவுபூர்வமாகப் பேசாமல் இருப்பது சரியாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். அக்கதையின் தாய் மியூனிக்கிலே பத்திரிகைக் காரியாலயத்தில் உழைத்துத் தன் மகளை வளர்ப்பவள்.

தமிழ்ப் படத்திலே இந்தத் தாய்க்கு என்ன நேர்ந்தது? உழைத்து வாழும் பெண் மறைந்து, பணக்கார வீட்டு மகள் வந்தாள். பிரிவுக்கான பழி ஒரு செருக்குப் பிடித்த மாமியாரின் தலையில் விழுந்தது. மாமியார் திருந்தினால் குடும்பம் சேரும். மேலே தெய்வம் இருக்கிறது. கீழே குழந்தை இருக்கிறது. எனவே கேள்விக்கு இடமில்லை. நாகேஷின் நகைச்சுவைக்கும் அந்தச் சிறுமியின் ஆற்றலுக்கும் நான் குறை சொல்லவில்லை. அவற்றை ரசிக்காமல் இருக்கவும் முடியாது. ஆனால் கெஸ்ட்னர் பிள்ளைகளை அறிவுள்ளவர்களாக மதித்து அவர்கள் முன் வைத்த ஒரு சமூகப் பிரச்சினை, இரண்டு கடல்களைத் தாண்டி நம்மிடம் வந்து சேருகையிலே ஓர் ஆளின் குணக்கேடாகச் சுருங்கிவிட்டது. குடும்பப் படம் என்ற வகையின் நோயே இதுதான். பிள்ளைகளுக்கு எடுக்கிறோம் என்ற பெயரிலே பெரியவர்களின் மனச்சாட்சிக்குத் தாலாட்டுப் பாடுவது.

‘மடோல் தூவ’ இந்த நோயிலிருந்து பெருமளவு தப்பியது. பெருமளவு என்றுதான் சொல்கிறேன்.

அண்மையில் வெள்ளவத்தையிலே ஒரு வீட்டில் சில மாணவர்களோடு இருந்து இப்படத்தைப் பார்த்தேன். படம் முடிந்ததும் எல்லோரும் பேயைப் பற்றியும் தோணியைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, ஒரு சிறுமி மாத்திரம், “சேர், ஜின்னாவின்ர அம்மா எங்கே?” என்று கேட்டாள். உபாலியின் தாய் இறந்தது நமக்குத் தெரியும். அந்த இழப்பிலிருந்தே கதை புறப்படுகிறது. சிற்றன்னையின் மனத்தையும் தந்தையின் கவலையையும் நாம் அறிகிறோம். உபாலி ஓடிப்போனான் என்றால் தேடுவதற்கு ஒரு வீடு இருக்கிறது. ஜின்னா ஓடிப்போனால்? வேலைக்காரப் பையன் ஓடிவிட்டான் என்பதோடு செய்தி முடிந்துவிடும். கதையின் அக்கறை அந்தத் திசையிலே செல்லவில்லை.

நாவல் உபாலியின் வாய்மொழியாகச் சொல்லப்படுவது. எழுத்திலே ஜின்னா, உபாலியின் வாக்கியத்துக்குள்ளேதான் வாழ்கிறான். உபாலி கண்டதும் நினைத்ததும் அன்றி அவனுக்கு வேறு உலகமில்லை. திரைப்படத்தின் பெருஞ் சிறப்பு இங்கேதான் வெளிப்படுகிறது. கமரா இருவரையும் ஒரே சட்டகத்தில் நிறுத்துகையில் எஜமானின் மகனுக்கும் ஏவலாளுக்கும் ஒரே அளவு வெளிச்சமே விழுகிறது. ஜின்னாவுக்கென்று ஒரு முகம் வருகிறது. அந்த முகத்திலே உபாலி சொல்லாத எண்ணங்களும் ஓடுகின்றன. படத்தின் மகிழ்ச்சியிற் பாதி அந்தப் பையனின் முகத்தினால் வருவது. லெஸ்டர் இதனைக் கொள்கையாக வகுத்துக்கொண்டு செய்தாரா என்பது எனக்கு முக்கியமன்று. கருவியின் இயல்பும் கலைஞனின் நேர்மையும் சேர்ந்து, மூலநூல் எட்டாத ஓர் இடத்தை எட்டியிருக்கின்றன. ஆனால் லெஸ்டரின் கலைக்கே உரிய ஒரு குறையும் இதனுள் உண்டு. அவர் மென்மையான மனிதர்; சினத்தைத் தணித்தே காட்டுவார்; இருவருக்கிடையே வெடிக்கக்கூடிய முரண்பாடு தோன்றும் இடத்திலே கமரா வாவியின் நீரை நோக்கித் திரும்பிவிடுகிறதோ என்ற ஐயம் எனக்குப் பல தடவை எழுந்தது.

தீவுக் கதைகளின் பரம்பரையை நினைத்துப் பார்த்தால் விக்கிரமசிங்கவின் சாதனை இன்னும் தெளிவாகும். 1719இல் வெளிவந்த டானியல் டீஃபோவின் நாவலிலே ரொபின்சன் குரூசோ கப்பலேறியதே அடிமைகளைப் பிடித்துவரும் நோக்கத்தோடுதான். தன்னோடு தப்பிவந்த ஸூரி என்ற சிறுவனை அவன் அதற்கு முன்னரே ஒரு கப்பல் தலைவனுக்கு விற்றுவிட்டான். பின்பு தீவிலே தான் காப்பாற்றிய மனிதனுக்குப் பெயரிட்டு, தன்னை எஜமான் என்று அழைக்கவே முதலிற் கற்பிக்கிறான். நமது பள்ளிகளிலே இதனைச் சிறுவர் இலக்கியம் என்று ஒன்றரை நூற்றாண்டாகப் படிப்பித்து வருகிறோம்! உபாலியின் தீவிலே இந்த விலங்கில்லை. ஜின்னா விரும்பி வந்தவன். கோடரியையும் துடுப்பையும் உபாலியினும் நன்கு அறிந்தவன். அவனின்றித் தீவில் ஒரு நாள் கழியாது. வீட்டிலே மேல் – கீழ் என்று நின்ற இருவரும் தீவிலே தோளோடு தோள் நிற்கின்றனர். ஏவுவதும் பணிவதும் இயற்கையின் விதிகள் அல்ல, வீடு என்ற அமைப்பு வகுத்தவையே என்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுகொள்ளும் வண்ணம் கதை அமைந்திருக்கிறது. 1947இல் ஒரு சிறுவர் நூல் இதனைச் செய்தது பெருங்காரியம். ஆயினும் மார்க் ட்வெய்னின் ஹக்கில்பெரி ஃபின்னோடு வைத்து நோக்குகையில், எல்லையும் தெரிகிறது. ஓடிவந்த அடிமையாகிய ஜிம்மைக் காட்டிக்கொடுப்பதா, அல்லது தன் சமூகம் கற்பித்த அறத்தை மீறி நரகத்துக்குப் போவதா என்று அந்தச் சிறுவன் தன்னுள்ளே போராடுகிறானே, அத்துணைக் கூர்மையான கணமொன்றை ‘மடோல் தூவ’விலே நான் காணவில்லை. உபாலிக்கு ஜின்னாவின் நட்பு விலையின்றிக் கிடைக்கிறது.

ஒரு சாரார் இதற்கு மேலும் சென்று, வெற்று நிலத்தைத் தன் உழைப்பால் தனதாக்கிக்கொள்ளும் தனிமனிதனின் கதை இது, ஆகவே குட்டி முதலாளித்துவக் கனவு என்று முத்திரை குத்தக்கூடும். அவர்களுக்கு 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தை நினைவூட்ட விரும்புகிறேன். பயிரிடப்படாத காணியெல்லாம் முடிக்குச் சொந்தம் என்று கொள்வதற்கு வழிசெய்த அந்தச் சட்டத்தின் துணைகொண்டே, கிராமத்தான் சேனைப் பயிர் செய்த காடுகளும் மேய்ச்சல் நிலங்களும் அரசின் கைக்குப் போய், அங்கிருந்து வெள்ளைத் தோட்டத்துரைகளின் கைக்கு மலிவாகப் போயின. அந்தச் சட்டம் ஆண்ட நாட்டிலே, 1890களில், காசில்லாத இரு சிறுவர் அனுமதியின்றி ஒரு தீவை வெட்டித் திருத்திப் பயிரிடுவதை முதலாளித்துவம் என்பதா? நிலம் உழுபவனுக்கு என்ற கோரிக்கையை நாம் மேடையிலே முழங்குவோம். சிறுவர் கதையிலே வந்தால் அடையாளங் காணமாட்டோமா?

ஆனால் ஜின்னாவின் கேள்வியை விட்டுவிட்டு இந்தப் படத்தைப் பற்றி எழுதுவது கொழும்புத் தமிழனாகிய எனக்கு முடியாத காரியம். காலி வீதியின் இருபுறமும் உள்ள குறுக்கு ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையின் பழைய மாடி வீடுகளிலும், பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்களின் அடுப்படியில் நின்றவர்கள் மலையகத்துப் பிள்ளைகள். ஹட்டனிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும், தெரிந்த ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு ரயிலேறி வந்தவர்கள். வீட்டுப் பிள்ளை வெள்ளைச் சீருடையோடு பாடசாலைக்குப் போக, அவனுடைய வயதே உடையவன் அவனுடைய சப்பாத்தைத் துடைத்து வைத்தான். ‘சின்னையா’ என்று அழைத்தான். மாலையிலே முற்றத்தில் பந்து விளையாட ஆள் குறைந்தால் அவனையும் சேர்த்துக்கொண்டார்கள். நம்முடைய நகைச்சுவையுணர்வும் நற்குணமும் அந்த ஒருமணி நேரத்து விளையாட்டிலே திருப்தியடைந்துவிட்டன. 1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளோ அதற்கு வெளியே நின்றன. 1948இல் குடியுரிமையும் பறிபோயிற்று. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். படிக்கக் கிடையாத பிள்ளை அடுப்படிக்கு வந்தான் என்பதிலே வியப்பில்லை. நாம் அதனை இயல்பென்று ஏற்றுக்கொண்டோம் என்பதே ஆராயத்தக்கது. முற்போக்கு இலக்கியக் கூட்டம் முடிந்து வீடு திரும்பியவருக்கும் கதவைத் திறந்துவிட்டது அந்தப் பிள்ளைதான்.

இது பழங்கதையும் அன்று. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, பிள்ளைகளை வேலைக்கமர்த்துவதற்கான ஆகக்குறைந்த வயது 14இலிருந்து 16ஆகச் சட்டத்தால் உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு யூலையிலே, டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்த பதினாறு வயதுச் சிறுமி எரிகாயங்களோடு தேசிய வைத்தியசாலையில் இறந்தாள். மலையகமெங்கும் மக்கள் வீதிக்கு வந்தனர். சில வாரங்கள் பத்திரிகைகளெல்லாம் எழுதின.

இந்த வரலாற்றைச் சுமந்துகொண்டு ‘மடோல் தூவ’வைப் பார்க்கும்போது ரசனை குன்றிவிடுகிறதா? என் அனுபவம் மறுதலையாக இருக்கிறது. ஜின்னா துள்ளிக் குதித்துத் தோணியிலே ஏறும்போது உண்டாகும் மகிழ்ச்சி, அவன் எதிலிருந்து தப்பிப் போகிறான் என்பதை அறிந்தவனுக்குத்தான் முழுமையாகச் சித்திக்கும். உபாலி சிற்றன்னையின் கண்டிப்பிலிருந்தும் பள்ளிக்கூடப் பிரம்பிலிருந்தும் ஓடுகிறான். ஜின்னா ஓடுவதோ தன் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட ‘வேலைக்காரப் பையன்’ என்ற சொல்லிலிருந்து. ஒரே தோணியில் இரண்டு விடுதலைகள் போகின்றன. படத்தின் தலைப்பெழுத்திலே ஒன்றுதான் கதை. திரையிலே இரண்டும் தெரிகின்றன. பிள்ளைகள் இதனை உணரமாட்டார்கள் என்று எண்ணுபவர், அந்தச் சிறுமி கேட்ட கேள்விக்கு என்ன சமாதானம் சொல்வார்?

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. முதற் சிங்களத் திரைப்படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947 ஜனவரி 21ஆந் திகதி கொட்டாஞ்சேனை மைலன் படமாளிகையிலே திரையிடப்பட்டது. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர், உருவானது தென்னிந்தியாவிலே. ‘மடோல் தூவ’ நூல் வந்ததும் அதே ஆண்டு. சிங்கள சினிமாவின் பிறப்பிலும் வளர்ச்சியிலும் தமிழரின் மூலதனமும் உழைப்பும் கலந்திருந்தன, ஹெந்தளையிலே கே. குணரத்தினம் நிறுவிய விஜயா ஸ்டூடியோ 1983 யூலையில் எரிந்தபோது அந்த உறவின் ஒரு பகுதியும் எரிந்தது. ஆனால் எரியாமல் இருந்த காலத்திலேகூட, மைலனைச் சுற்றி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் சிங்களப் படத்துக்கு எத்தனை தடவை போயின? பணம் போட்டவர் தமிழராயிருக்க, பார்த்தவர் தமிழராயிருக்கவில்லை. சென்னைப் படமே நமக்குக் கதி என்றிருந்துவிட்டோம். எழுபதுகளிலே இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது இலங்கைத் தமிழ்ப் படங்கள் தலைதூக்கின. தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்திலே ‘பொன்மணி’யை 1977இல் எடுத்தார். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் 1978இல் படமாயிற்று. அந்த வரிசையிலே சிறுவர் நாவலொன்று இடம்பெறவில்லை.

சத்யஜித் ராயை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1944இலே அவர் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்தபோது, விபூதிபூஷணின் ‘பதேர் பாஞ்சாலி’யைச் சிறுவருக்காகச் சுருக்கி வெளியிட்ட பதிப்புக்குப் படம் வரையும் வேலை அவரிடம் வந்தது. அந்தச் சிறுவர் பதிப்பின் பக்கங்களிலேதான் 1955ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் வித்து விழுந்தது. சிறுவர் நூலுக்குச் சித்திரம் வரைவதைச் சிறிய வேலையென்று அவர் எண்ணியிருந்தால் இந்திய சினிமாவின் வரலாறே வேறாயிருக்கும். மாஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அனுப்பிய அழகிய தமிழ்ச் சிறுவர் நூல்களை மலிவு விலையில் வாங்கிப் படித்து வளர்ந்த தலைமுறை நம்மிடையே இருக்கிறது. பிறர் நம் பிள்ளைகளுக்காகச் செய்ததை நன்றியோடு பெற்றுக்கொண்டோம். நாமே செய்ய வேண்டியதைச் செய்தோமா என்றால், ஈழத்துத் தமிழிலே ஜின்னாவின் வயதுடைய ஒரு மலையகப் பையன் தன் வாயாலே தன் கதையைச் சொல்லும் சிறுவர் நாவலொன்றை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனை எழுதக்கூடியவர்கள் இன்று மலையகப் பாடசாலைகளிலே ஆசிரியராகவும், பல்கலைக்கழகங்களிலே மாணவராகவும் இருக்கின்றனர். அவர்களுக்கு உபாலியின் கதை தெரிந்திருப்பது நல்லது. படத்தைத் தமிழ் வசன வரிகளோடு பாடசாலைகளுக்குக் கொண்டு செல்வதும் பெருஞ் செலவு பிடிக்கும் காரியமன்று. வெள்ளவத்தையிலே தமிழ்ச் சங்க மண்டபம் இருக்கிறது, ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் போதும்.